காடும் தீயும்

காட்டுத் தீ என்றவுடன் அழிவு ஒன்றே நம் நினைவுக்கு வருகிறது. மகாபாரதத்தில் வரும் காண்டவ வன தகனம் இந்த எண்ணத்துக்கு மிகப் பழைய சான்று. யமுனையை அடுத்த அவ்வனத்தை அக்கினி உண்டதையும், எண்ணற்ற விலங்குகளும் பறவைகளும் நாகங்களும் அதில் மாண்டதையும், மயனும் வேறு சில உயிர்களுமே தப்பியதையும் ஆதிபருவம் விரித்துரைக்கிறது. எரிந்த வனத்தை அடுத்தே இந்திரப்பிரஸ்தம் விளங்கிற்று என்பது கதை. இன்று தில்லியில் வாழும் தமிழர் பலர் அக்கதைக்குரிய நிலத்தில்தான் குடியிருக்கின்றனர்.

ஆனால் நம் நாட்டுக் காடுகளின் வரலாற்றை நோக்கும்போது, தீயை அழிவு என்று மட்டும் கொள்வது போதாது என்று தெரிகிறது. சென்ற நூற்றைம்பது ஆண்டுகளில் தீயைக் காட்டிலிருந்து அடியோடு விலக்க ஒரு பெருமுயற்சி நடைபெற்றது. அம்முயற்சி எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதை இங்கே சிறிது ஆராய்வோம்.

முதலில் தீயின் செயலை அறிந்துகொள்ளுதல் வேண்டும். நம் நாட்டில் காட்டுத் தீயின் காலம் பெரும்பாலும் மாசி முதல் வைகாசி வரை. உதிர்ந்த சருகும் காய்ந்த புல்லும் எரிய, தீ தரையோடு தவழ்ந்து செல்லும். மானும் காட்டெருமையும் ஓடித் தப்பும். வளர்ந்த பறவைகள் பறந்துவிடும். ஆமைகள், கூட்டிலுள்ள குஞ்சுகள், தரையில் இடப்பட்ட முட்டைகள் ஆகியவற்றுக்குப் போக்கிடம் இல்லை. தீயின் ஓரத்தில் கரிச்சானும் பனங்காடையும் கூடி, வெப்பத்துக்கு அஞ்சி வெளிவரும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். ஓர் உயிரின் துன்பம் மற்றோர் உயிருக்கு விருந்தாகிறது.

மண் வெப்பத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. ஆதலால் தரைத்தீ விரைந்து கடந்து செல்லுமிடத்தில், சில அங்குல ஆழத்திலுள்ள வேர்களும் கிழங்குகளும் உயிரோடு இருக்கும். சாம்பலில் எஞ்சும் சுண்ணச் சத்தும் சாம்பல் சத்தும் முதல் மழையில் தளிருக்கு உரமாகின்றன. புதுப்புல்லை நாடிப் புள்ளிமான்கள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. ஆயினும் சருகிலிருந்த தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. மலைச்சரிவில் மூடியிருந்த சருகு எரிந்தபின் பெருமழை பெய்தால் மேல்மண்ணும் சாம்பலும் சேர்ந்தே ஓடையில் இறங்கிவிடுகின்றன. தீ கொடுப்பதும் உண்டு, பறிப்பதும் உண்டு. எந்தக் காடு, எந்த மாதம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பவற்றைப் பொறுத்தே இலாப நட்டம் அமைகிறது.

மலைவாழ் மக்கள் இக்கணக்கைப் பழக்கத்தால் அறிந்திருந்தனர். மேய்ச்சல் புல்லுக்காகவும், காட்டுப்பொருள் திரட்டுவதற்காகவும், வழியைத் துப்புரவு செய்வதற்காகவும் அவர்கள் தீ வைத்துவந்தனர். 1864-இல் ஆங்கில ஆட்சி வனத்துறையை நிறுவி, ஜெர்மானியரான டீட்ரிக் பிராண்டிஸைத் தலைமை அதிகாரியாக அமர்த்தியது. இரயில் பாதைகளுக்கு மரக்கட்டைகள் மிகுதியாகத் தேவைப்பட்ட காலம் அது. இளங்கன்றுகளைக் கருக்கும் தீயே காட்டின் முதற்பகை என்று வன அதிகாரிகள் முடிவு செய்தனர். மத்திய மாகாணத்தில், சாத்பூரா மலையிலுள்ள போரிக் காட்டில் பியர்சன் என்னும் அதிகாரி 1860-களிலேயே தீத்தடுப்பைத் தொடங்கினார். காட்டின் எல்லையில் அகன்ற கோடுகளாகப் புல்லை அகற்றியும், காவலர்களை நிறுத்தியும் தீயை வெளியே நிறுத்த இயலும் என்று அங்கே காட்டப்பட்டது. 1878-ஆம் ஆண்டின் வனச்சட்டம் ஒதுக்கப்பட்ட காடுகளில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த வழக்கம் ஒரு சட்டத்தால் குற்றமாயிற்று.

வறண்ட காடுகள் சிலவற்றில் இத்தடுப்பால் இளமரங்கள் தழைத்தன என்பது உண்மை. ஆனால் ஈரம் மிகுந்த காடுகளில் எதிர்பாராத விளைவு தோன்றியது. அந்நாளில் இந்திய ஆட்சியோடு இணைந்திருந்த பர்மாவில், தீ புகாத தேக்குக் காடுகளில் மூங்கிலும் புதரும் அடர்ந்து, ஒளியை வேண்டும் தேக்கங்கன்றுகள் அருகிப் போயின. தீத்தடுப்பு அளவு மீறிவிட்டது என்று வனத்துறைக்குள்ளேயே 1890-களில் குரல் எழுந்தது.

வங்காளத்திலும் அசாமிலும் சால மரக்காடுகள் இதே பாடத்தைப் புகட்டின. சால மரத்தின் விதை மழைக்காலத் தொடக்கத்தில் விழுகிறது. அதன் முளைக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு வாரமே நிற்கும். அதற்குள் அது மண்ணைத் தொட வேண்டும். பழைய தீ சருகை அகற்றி மண்ணைத் திறந்து வைத்தது. தீ நின்றபின் பசுமை மாறாப் புதரும் கொடியும் தரையை மூடின. முதிர்ந்த சால மரங்கள் ஓங்கி நின்றன; அவற்றின் கீழே கன்றுகள் இல்லை. தீயினின்று காக்கப்பட்ட காடு வாரிசு இல்லாத காடாயிற்று. முடிவில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எந்தத் துறை தீயைத் தடை செய்ததோ அந்தத் துறையே கட்டுக்குள் வைத்துத் தீ மூட்டும் முறையை இக்காடுகளில் கைக்கொண்டது.

இமயமலைச் சரிவிலுள்ள குமாவூனில் இவ்வழக்கு அரசியல் வடிவம் பெற்றது. சீர் என்னும் ஊசியிலைப் பைன் மரங்களை அரசு பிசினுக்காகவும் கட்டைக்காகவும் ஒதுக்கிக்கொண்டது. மக்களோ கால்நடைகளுக்குப் புல் வேண்டினர். கூலியின்றிச் சுமை தூக்கும் கட்டாய வேலையும் அவர்களை வருத்தியது. 1921 ஜனவரியில் பாகேசுவர் திருவிழாவில், பத்ரி தத் பாண்டே முதலிய தலைவர்கள் முன்னிலையில், கட்டாய வேலைக்குரிய பதிவேடுகளை மக்கள் சரயு ஆற்றில் எறிந்தனர். அவ்வாண்டுக் கோடையில் பைன் காடுகள் பரவலாக எரிந்தன. தேராதூனில் வளர்ந்த வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குஹா 1989-இல் வெளியிட்ட நூலில் ஒரு நுட்பத்தைச் சுட்டுகிறார்: அரசின் வருவாய்க்குரிய பைன் காடுகளே எரிந்தன, மக்களுக்கு விறகும் தழையும் தந்த அகன்ற இலைக் காடுகளுக்குத் தீங்கு நேர்ந்ததாகச் சான்று இல்லை. சினத்திலும் அம்மக்கள் தமக்கு வாழ்வளிக்கும் மரத்தை மறக்கவில்லை.

இயற்கை நோக்கிலும் இவ்வேறுபாடு கருதத்தக்கது. சீர் மரத்தின் தடித்த பட்டை தீயைத் தாங்கும். அதன் உதிர்ந்த ஊசியிலைகளோ தீயை வளர்க்கும். ஓக் மரத்துக்கு அத்தாங்கும் வலிமை இல்லை. தீ ஓயாது வரும் சரிவுகளில் ஓக் பின்வாங்க, பைன் முன்னேறுகிறது.

விடுதலைக்குப் பின்னும் தடை தொடர்ந்தது. கருநாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர், கோடையின் தொடக்கத்தில் சருகை மட்டும் எரிக்கும் சிறு தீயை மூட்டி வந்தனர். 1974-இல் அம்மலை வனவிலங்குச் சரணாலயமாயிற்று, அவ்வழக்கமும் நின்றது. அதன் பின்னரே உண்ணிச்செடி காடெங்கும் பரவிப் புல்லை அடக்கிவிட்டது என்றும், நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகிற்று என்றும் சோலிகர் கூறுகின்றனர். உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுச் செடியாக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று காய்ந்த உண்ணிப்புதரில் தீப் பற்றினால், அது தரையோடு தவழாமல் மரத்தின் கிளை வரை எழுகிறது. சிறு தீயை மறுத்த காடு பெருந்தீக்கு விறகு சேர்த்துக்கொண்டது.

ஆயினும் தீயெல்லாம் நன்று என்று கொள்வது மற்றொரு பிழையாகும். அசாமின் உயர்ந்த புல்வெளிகளில் குள்ளப்பன்றி என்னும் சிற்றுயிர் வாழ்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 25 செண்டிமீட்டர். அற்றுப்போயிற்று என்று கருதப்பட்ட அவ்வினம் 1971-இல் அங்கே மீண்டும் கண்டறியப்பட்டது. அது புல்லால் கூடு கட்டி உறங்குவது. புல்வெளி முழுவதும் ஒரே சமயத்தில் எரிந்தால் அதற்கு ஒளிய இடமில்லை. பகுதி பகுதியாக, பருவத்தின் தொடக்கத்திலேயே எரித்தால் புல்லும் புதுப்பிக்கப்படும், பன்றியும் பிழைக்கும். பருவம் பிந்தி மூட்டப்படும் தீ, வங்க வரகுக்கோழியின் முட்டைகளையும் அழித்துவிடும்.

இவ்வரலாற்றின் பொருள் நமக்கு வெறும் பழங்கதை அன்று. நாட்டின் காட்டுப் பரப்பில் 36 விழுக்காட்டுக்கு மேல் அடிக்கடி தீப்பற்றக்கூடியது என்று இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் எழுந்த தீ, மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. அத்தகைய தீயைத் தடுப்பதும் அணைப்பதும் கடமை என்பதில் ஐயமில்லை. அணைப்பதற்கு முன், காட்டில் விறகு சேராமல் காப்பது எப்படி என்ற அறிவும் வேண்டும். அவ்வறிவின் ஒரு பகுதி வன ஆய்வாளரிடம் உள்ளது; மற்றொரு பகுதி காட்டிலேயே வாழ்வோரிடம் உள்ளது. 2011-இல் சோலிகரின் சமூக வன உரிமைகள் சட்டப்படி ஏற்கப்பட்டன. இவ்விரு அறிவும் ஓரிடத்தில் அமர்ந்து பேச அது ஒரு வாய்ப்பு.

தேராதூனிலும் ஜபல்பூரிலும் குவாஹாட்டியிலும் மைசூரிலும் வாழும் நாம், கோடை இரவுகளில் தொலைவிலுள்ள மலைமேல் செந்நிறக் கோடொன்று ஊர்ந்து செல்வதைக் காண நேரலாம். காடு எரிகிறதே என்று வருந்துவது இயல்பே. அத்துடன், எந்தக் காடு எரிகிறது, எந்த மாதத்தில் எரிகிறது, எவர் மூட்டிய தீ அது என்று வினவவும் நாம் பழகிக்கொள்ள வேண்டும்.