ஒளிரும் உலோக அணைவு உணரிகள்

செல்களிலும் திசுக்களிலும் இரத்தம் போன்ற உடல் திரவங்களிலும் உள்ள வேதிப்பொருள்களை ஒளியால் கண்டறிய உதவும் அணைவுச் சேர்மங்கள் இவை. நடுவில் ஓர் உலோக அயனியும், சுற்றிலும் அதனுடன் பிணையும் கரிம மூலக்கூறுகளான ஈனிகளும் இருக்கும். தேடும் பொருள் வந்து சேர்ந்ததும் ஒளிர்வின் செறிவோ நிறமோ நீடிக்கும் நேரமோ மாறும், அம்மாற்றமே அளவிடப்படுகிறது. ருத்தீனியம், இரிடியம், பிளாட்டினம், யூரோப்பியம், டெர்பியம் ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன.

சிறப்பு

புற ஊதா ஒளியோ நீல ஒளியோ பட்டால், செல்லிலுள்ள ஃபிளேவின், என்.ஏ.டி.எச். போன்ற மூலக்கூறுகளும் ஒளிர்ந்து அளவீட்டைக் குழப்பும். ஆனால் அந்த ஒளி சில நானோவினாடிகளில் அடங்கிவிடும். ருத்தீனியம், இரிடியம் அணைவுகளின் ஒளிர்வு மைக்ரோவினாடிக் கணக்கிலும், யூரோப்பியம், டெர்பியம் அணைவுகளின் ஒளிர்வு மில்லிவினாடிக் கணக்கிலும் நீடிக்கும். ஒளித்துடிப்பைப் பாய்ச்சிச் சற்றுப் பொறுத்து அளந்தால், உணரியின் ஒளி மட்டுமே எஞ்சியிருக்கும். இத்துறையின் பெரும்பலம் இதுவே.

செயல்படும் விதம்

யூரோப்பியம், டெர்பியம் போன்ற லாந்தனைடு அயனிகள் தாமாக ஒளியை மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஈனி ஒளியை உறிஞ்சி ஆற்றலை அயனிக்குக் கடத்துவதை 1942-இல் வேதியியலாளர் வைஸ்மன் விளக்கினார். இவ்வாறு ஆற்றல் பெறும் யூரோப்பியம் 615 நானோமீட்டர் அருகே சிவப்பாகவும், டெர்பியம் 545 நானோமீட்டர் அருகே பச்சையாகவும் ஒளிரும். அயனியுடன் நேரடியாகப் பிணையும் நீர் மூலக்கூறுகள் ஆற்றலைக் கவர்ந்து ஒளியை மங்கச் செய்வதால், அயனியை நெருக்கமாகச் சூழும் ஈனிகள் வடிவமைக்கப்படுகின்றன.

எடுத்துக்காட்டுகள்

வேதியியலாளர் ஜாக்குலின் பார்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் 1990-இல் அறிவித்த ருத்தீனியம் அணைவு நீரில் ஏறக்குறைய ஒளிர்வதே இல்லை. அதன் தட்டையான ஈனி டி.என்.ஏ.வின் கார இணைகளுக்கிடையே செருகிக்கொண்டதும், நீரின் தாக்கம் விலகிப் பளிச்சென ஒளிர்கிறது.

பிளாட்டினம், பல்லேடியம் போர்பைரின்கள் ஆக்சிஜனை அளப்பவை. ஆக்சிஜன் மூலக்கூறு மோதும்போது ஒளிர்வு தணிந்து, அது நீடிக்கும் நேரமும் குறையும். இந்த நேரம் உணரியின் செறிவைச் சார்ந்ததல்ல. ஆகவே உணரி சீராகப் பரவாத திசுவிலும் அளவீடு நம்பத்தக்கது. எலிகளின் புற்றுக்கட்டிகளில் ஆக்சிஜன் குறைந்த பகுதிகளைப் படமெடுக்க இரிடியம் அணைவுகள் பயன்பட்டுள்ளன.

வரம்புகளும் பயனும்

உலோகத்தின் நச்சுத்தன்மை, புற ஊதா ஒளியால் செல்லுக்கு நேரும் கேடு, அந்த ஒளி திசுவுக்குள் ஆழமாகச் செல்லாமை ஆகியவை உடலுக்குள் பயன்படுத்துவதற்குத் தடைகளாக உள்ளன. உடலுக்கு வெளியே நடக்கும் சோதனைகளில் இந்தத் தடைகள் இல்லை. பின்லாந்தில் உருவாகி 1980-களில் பரவிய யூரோப்பியம் சோதனைமுறை, பச்சிளம் குழந்தையின் குதிகாலில் எடுக்கும் இரத்தத் துளியிலிருந்து பிறவித் தைராய்டு குறைபாட்டைக் கண்டறியப் பல நாடுகளில் பயன்படுகிறது.