சிறு பிரயோகங்களும் தரவு அணுகுமுறைத் தெரிவும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர் பதிவு, ஒரு பாடசாலை நூலகத்தின் நூற்பட்டியல், ஒரு மருந்தகத்தின் இருப்புக் கணக்கு ஆகிய சிறு தேவைகளுக்கென மேசைக்கணனியொன்றில் இயங்கும் மென்பொருளை ஆக்க முனையும் எவரும் தொடக்கத்திலேயே ஒரு வினாவை எதிர்கொள்கின்றனர். தரவுகளை எவ்வடிவிற் சேமிப்பது? அவற்றை எவ்வழியாக அணுகுவது? இவ்வினா பெரும்பாலும் வேகம், வசதி, விலை என்னும் அளவுகோல்களைக் கொண்டே விடுக்கப்படுகின்றது. இவை வேண்டியனவே. எனினும், இன்று நம்முன் வைக்கப்படும் தெரிவுகள் ஒவ்வொன்றும் ஒரு வரலாற்றுச் சூழலில், ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் தேவையை ஒட்டிப் பிறந்தவை. அவ்வரலாற்றை மறந்துவிட்டுச் செய்யப்படும் தெரிவு, பிறருடைய தேவையை நமது தேவையாக ஏற்றுக்கொள்வதில் முடியலாம். தரவுக்கும் அதனை ஆள்பவருக்கும் இடையிலான உறவு கடந்த அறுபது ஆண்டுகளில் எவ்வாறு மாறி வந்துள்ளது என்பதை நோக்கி, அதன் அடியாகச் சிறு பிரயோகங்களுக்குப் பொருந்தும் சில முடிவுகளைப் பெறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெருங்கணனிகளின் காலம்

காந்த நாடாவில் தரவு சேமிக்கப்பட்ட காலத்தில் அணுகுமுறை பற்றிய தெரிவுக்கு அதிக இடமிருக்கவில்லை. நாடாவின் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஒழுங்காக வாசித்துச் செல்வதே வழியாக இருந்தது. காந்தத் தட்டின் வருகையே வேண்டிய பதிவை நேரே சென்றடையும் வாய்ப்பை ஏற்படுத்தியது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர் சார்ள்ஸ் பாக்மன். 1960களின் முற்பகுதியில் ஜெனரல் இலெக்ரிக் கம்பனியில் அவர் உருவாக்கிய ஐ.டி.எஸ். என்னும் முறைமையில் பதிவுகள் ஒன்றோடொன்று சங்கிலிபோற் பிணைக்கப்பட்டிருந்தன. நிரலாளர் ஒரு பதிவிலிருந்து அடுத்ததற்கு அச்சங்கிலியைப் பற்றிக்கொண்டே செல்லவேண்டும். 1973இல் ரியூரிங் விருது பெற்றபோது நிகழ்த்திய உரையில் பாக்மன் நிரலாளரைக் கடலோடிக்கு ஒப்பிட்டமை இக்காரணம் பற்றியே.

இதே காலத்தில், அப்பலோ விண்வெளித் திட்டத்தின் எண்ணிறந்த உதிரிப்பாகங்களைக் கணக்கில் வைத்திருக்கும் தேவையை ஒட்டி ஐ.பி.எம். கம்பனி ஐ.எம்.எஸ். என்னும் முறைமையை உருவாக்கியது. 1966இல் தொடங்கிய அம்முயற்சி 1968இற் பயன்பாட்டுக்கு வந்தது. இதில் தரவு மர அமைப்பிற் கிளைகளாக ஒழுங்கு செய்யப்பட்டது. ஒரு பெரும் பொறியின் உட்கூறுகள் யாவை என்னும் வினாவுக்கு இவ்வமைப்பு இலகுவில் விடையளித்தது. ஆனால் ஒரு சிறு பாகம் எந்தெந்தப் பொறிகளிற் பயன்படுகின்றது என்று தலைகீழாக வினவினால் மரத்தின் கிளைகள் தடையாக அமைந்தன.

இவ்விரு முறைமைகளுக்கும் பொதுவான பண்பொன்று உண்டு. தரவு எங்கே, எவ்வாறு வைக்கப்பட்டுள்ளது என்பதை அறிந்தவரே அதனை அணுக முடியும். தரவின் பௌதிக ஒழுங்கு மாறினால் அதனைப் பயன்படுத்தும் நிரல்களையும் திருத்தியெழுத வேண்டும். அறிவு ஒரு சிறு தொழில்நுட்பக் குழுவின் கையிற் குவிந்திருப்பதற்கு இவ்வமைப்பே பொருளடிப்படையாக அமைந்தது எனலாம்.

2. உறவுநிலை மாதிரியின் எழுச்சி

இந்நிலையை அடிப்படையிற் கேள்விக்குள்ளாக்கியவர் எட்கார் கொட். இங்கிலாந்திற் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றிய இவர், பின்னர் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பனியிற் சேர்ந்தார். 1953இல் மக்கார்த்தியின் வேட்டையாடலில் வெறுப்புற்றுச் சில காலம் கனடாவிற் சென்று வாழ்ந்தவர் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. 1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான கட்டுரையில், தரவு முழுவதையும் அட்டவணைகளாக நோக்கலாம் என்றும், வேண்டியது எது என்பதை மட்டும் பயனர் கூறினாற் போதும், அதனை எவ்வழியிற் தேடுவது என்பதைப் பொறியே தீர்மானிக்கலாம் என்றும் அவர் வாதித்தார். இம்மாதிரியின் அடித்தளம் கணக் கோட்பாடும் தருக்கவியலும் ஆகும்.

1974இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் இரு தரப்பினரும் நேருக்கு நேர் விவாதித்தனர். வழியை நிரலாளரே தெரிய வேண்டும் என்றது ஒரு தரப்பு. வழியைப் பொறியிடம் ஒப்படைக்கலாம் என்றது மறு தரப்பு. அதே ஆண்டிலேயே டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பொய்சும் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் உருவாக்கிய வினவல் மொழியை வெளியிட்டனர். அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர் பெற்றது. ஐ.எம்.எஸ். முறைமையில் பெருமுதலை இட்டிருந்த ஐ.பி.எம். தனது சொந்த ஆய்வின் பயனைச் சந்தைக்குக் கொணர்வதில் வேகம் காட்டவில்லை. பின்னாளில் ஒறக்கிள் எனப் பெயர் பூண்ட சிறு நிறுவனமொன்று 1979இல் அதனை முந்திக்கொண்டது. ஐ.பி.எம்.மின் முதலாவது வணிக வெளியீடு 1981இலேயே வந்தது. இருக்கும் சொத்தைக் காப்பது புதிய உற்பத்தி ஆற்றலுக்குத் தடையாவதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும். 1986இல் எஸ்.கியூ.எல். அமெரிக்க நியமமாகவும், 1987இற் சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது.

3. மேசைமீது வந்த தரவுத்தளம்

உறவுநிலை முறைமைகள் தொடக்கத்திற் பெருங்கணனிகளுக்கும் நடுத்தரக் கணனிகளுக்குமே உரியனவாயிருந்தன. சிறு கணனிகளில் முதலில் வேரூன்றியது டீபேஸ் ஆகும். அமெரிக்க அரச நிதியில் இயங்கிய ஜெற் உந்துவிசை ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த வெய்ன் ராற்லிவ், அங்கு பயன்பட்ட ஜே.பி.எல்.டிஸ் என்னும் முறைமையின் சாயலிற் தமது வீட்டுக் கணனிக்கென எழுதிய நிரலே அதன் மூலம். 1980களின் தொடக்கத்தில் ஏஷ்ரன்-ரேற் கம்பனி அதனை டீபேஸ் 2 என்ற பெயரிற் சந்தைப்படுத்தியது. இதில் ஒரு நேரத்தில் ஒரு பதிவையே கையாளலாம். சுட்டிகள் தனிக் கோவைகளில் இருந்தன. சுட்டிக் கோவையைத் திறக்காமல் தரவை மாற்றினாற் சுட்டி பயனற்றுப் போகும். இக்குறைகள் இருந்தும், ஒரு கடைக்காரரோ எழுதுவினைஞரோ தமது தேவைக்குத் தாமே நிரல் எழுதலாம் என்னும் நிலையை அது தோற்றுவித்தது.

1988இல் ஏஷ்ரன்-ரேற் கம்பனி, டீபேஸுக்கு ஒத்த மென்பொருளை விற்ற பொக்ஸ் நிறுவனத்தின்மீது பதிப்புரிமை வழக்குத் தொடுத்தது. 1990 டிசம்பரில், டீபேஸின் மூலம் ஜே.பி.எல்.டிஸ் என்பதை மறைத்தமையைக் காரணங்காட்டி நீதிபதி அப்பதிப்புரிமையே செல்லாது எனத் தீர்ப்பளித்தார். 1991இல் அத்தீர்ப்பை அவரே மீளப்பெற்றார். அதே ஆண்டில் ஏஷ்ரன்-ரேற் கம்பனியை போர்லண்ட் வாங்கியது. பொது நிதியில் விளைந்த அறிவு தனியுடைமையாக வேலியிடப்படுவதன் முழுக் கதையும் இவ்வழக்கில் அடங்கியுள்ளது. கம்பனி மறைந்தபோதிலும் டீபேஸின் கோவை வடிவம் மறையவில்லை. அதன் அமைப்பு எளிமையானதாகவும் பலராலும் அறியப்பட்டதாகவும் இருந்தமையே அதற்குக் காரணம்.

இதே காலத்தில் வேறொரு போக்கும் இருந்தது. சர்வதேசத் தொழில் அமைப்பின் முறைமையொன்றை அடியொற்றி யுனெஸ்கோ வளர்த்த சி.டி.எஸ்./ஐசிஸ், 1985இற் சிறு கணனிகளுக்கான வடிவைப் பெற்றது. இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட இம்மென்பொருள் மூன்றாம் உலக நாடுகளின் நூலகங்களிற் பரவியது. தரவை ஐ.எஸ்.ஓ. 2709 என்னும் சர்வதேச நியம வடிவில் வெளியே எடுக்கும் வசதியும் அதில் இருந்தது. தரவு உள்ளே செல்லும் வாயிலோடு வெளியே வரும் வாயிலும் ஆரம்பத்திலேயே அமைக்கப்பட்டமை கவனத்துக்குரியது.

4. இடைமுகங்களின் பெருக்கம்

1992இல் மைக்ரோசொப்ற் கம்பனி ஓ.டி.பி.சி. என்னும் இடைமுகத்தையும், அக்சஸ் என்னும் மேசைத் தரவுத்தளத்தையும் வெளியிட்டது. எந்தத் தரவுத்தளமாயினும் ஒரே வகை அழைப்புகளால் அணுகலாம் என்பது ஓ.டி.பி.சி.யின் நோக்கம். அக்சஸின் ஜெற் இயந்திரத்துக்கென டி.ஏ.ஓ., 1995இல் ஆர்.டி.ஓ., 1996இல் ஓ.எல்.ஈ.டி.பி.யும் ஏ.டி.ஓ.வும், 2002இல் ஏ.டி.ஓ. டொற்நெற் என, பத்தாண்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக அணுகுமுறைகள் வந்தன. ஒவ்வொன்றும் முன்னையதை வழக்கொழிந்ததாக்கும் என்றே அறிமுகமாயிற்று. நடந்தது வேறு. எஸ்.கியூ.எல். சேர்வரைப் பொறுத்தமட்டில் ஓ.எல்.ஈ.டி.பி.யைக் கைவிட்டு ஓ.டி.பி.சி.க்கே மீள்வதாக 2011இல் அறிவித்த அதே கம்பனி, 2017இல் அவ்வறிவித்தலையும் கைவிட்டது. பழையது எனப்பட்ட ஓ.டி.பி.சி. புதியவற்றுட் பலவற்றை விஞ்சி நிலைத்தது. அது எஸ்.கியூ.எல். என்னும் பொது நியமத்தைச் சார்ந்திருந்தமையும், கம்பனிகள் பல இணைந்து வகுத்த அடிப்படையில் எழுந்தமையும் அதன் வலிமையாகும்.

ஜெற் போன்ற கோவைத் தரவுத்தளங்களின் எல்லைகளும் இக்காலத்திலேயே தெளிவாயின. வலையமைப்பிலுள்ள ஒரு கோவையைப் பலர் பகிரும்போது, தேடும் வேலையை ஒவ்வொருவருடைய கணனியுமே செய்கின்றது. சுட்டிகளும் பதிவுகளும் வலையமைப்பினூடே பயணிக்க வேண்டியுள்ளது. எழுதும் வேளையில் ஒரு கணனி நின்றுவிட்டாற் கோவை முழுவதும் பழுதடையலாம். சேவையகத்தில் இந்நிலை இல்லை. வினவல் மட்டும் சென்று விடை மட்டும் திரும்புகின்றது. ஆனாற் சேவையகத்தை நிறுவவும், காக்கவும், பிரதியெடுக்கவும் ஓர் ஆள் வேண்டும். சிறு நிறுவனத்தில் அத்தகையவர் இருப்பது அரிது.

5. உட்பொதிந்த தரவுத்தளம்

இம்முரண்பாட்டுக்கு விடையாக அமைந்தது எஸ்.கியூ.லைற். அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைக் கப்பலுக்கான மென்பொருளில் ஈடுபட்டிருந்த ரிச்சர்ட் ஹிப், தரவுத்தளச் சேவையகம் இயங்காதபோது தமது நிரலும் முடங்குவதைக் கண்டு, சேவையகமே இல்லாத ஒரு முறைமையை எழுதினார். 2000ஆம் ஆண்டில் முதல் வெளியீடு வந்தது. இது தனியொரு நிறுவுதலை வேண்டாது நிரலினுள்ளேயே அடங்குகின்றது. தரவு முழுவதும் ஒரே கோவையில் உள்ளது. அதன் வடிவம் முழுமையாக ஆவணப்படுத்தப்பட்டுள்ளது. ஆக்கியோர் பதிப்புரிமையைத் துறந்து அதனைப் பொதுச்சொத்தாக்கினர். போர்க்கருவியின் தேவையிற் பிறந்த ஒன்று எவரும் அனுமதியின்றிப் பயன்படுத்தும் பொதுச்சொத்தானமை தொழில்நுட்ப வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தரவுத் தொகுதிகளைப் பேணுதற்குப் பரிந்துரைத்த வடிவங்களுள் இதுவும் ஒன்று.

இதற்கும் எல்லைகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒருவரே எழுதலாம். வலையமைப்பின் பகிர்வுக் கோவையாக இதனைப் பயன்படுத்துவது தகாது. ஒரே கணனியில் ஒருவர் ஆளும் பிரயோகத்துக்கு இவை தடைகள் அல்ல.

6. தமிழ்த் தரவு

தமிழிற் தரவைச் சேமிப்போர்க்கு இன்னுமொரு பிரச்சினை உண்டு. யுனிகோட் நியமம் 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழை உள்ளடக்கியபோதும், அது நடைமுறையில் வேரூன்றும்வரை ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறியீட்டு முறையொன்றைக் கொண்டிருந்தது. அக்காலத் தரவு, உரிய எழுத்துரு இன்றேல் வாசிக்கவியலாத குறிகளாகவே எஞ்சும். யுனிகோட் இதனைத் தீர்த்தது, அகரவரிசையைத் தீர்க்கவில்லை. அதன் குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. ஆதலின், குறியெண்ணை மட்டும் கொண்டு வரிசைப்படுத்தும் தரவுத்தளம் ‘மனம்’ என்பதை ‘மலை’க்கு முன்னரும், ‘கற்பு’ என்பதைக் ‘கல்வி’க்கு முன்னரும் நிறுத்தும். தமிழ் மரபு இதற்கு நேர்மாறானது. எஸ்.கியூ.லைற் இயல்பாகக் குறியெண் வரிசையையே பின்பற்றுவது. எனினும் நமது வரிசை விதியை நாமே எழுதி இணைக்க அது இடமளிக்கின்றது. ஆனால் அவ்விதியை அறியாத வேறொரு நிரல், அதனைச் சார்ந்த சுட்டியைப் பயன்படுத்த முடியாது என்பதையும் கருத்திற் கொள்ளவேண்டும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் சில. ஒரு கணனியில் ஒருவர் பயன்படுத்தும் பிரயோகத்துக்குத் திறந்த வடிவிலான உட்பொதிந்த தரவுத்தளமே பொருந்தும். பல கணனிகளிலிருந்து பலர் ஒருங்கே எழுதவேண்டுமாயின், காப்பதற்கு ஆள் இல்லை என்பதற்காகப் பகிர்வுக் கோவையை நாடுவது பெருந்தவறு. அங்கு சேவையகமும் அதனைப் பேணுவதற்கு ஒருவரும் வேண்டும். எவ்வகையாயினும் வினவல்களை இயன்றவரை நியம எஸ்.கியூ.எல்.லில் எழுதி, தரவை அணுகும் பகுதியை நிரலின் ஏனைய பகுதிகளினின்றும் பிரித்து ஓரிடத்தில் அமைத்தல் வேண்டும். இடைமுகங்கள் மாறும்போது அவ்வோர் இடத்தை மட்டுமே மாற்ற நேரும். தரவு முழுவதையும் எளிய எழுத்துக் கோவையாக வெளியே எடுக்கும் வழியை முதல் நாளிலேயே அமைத்தல் வேண்டும்.

இவற்றுள் இறுதியானதே தலையாயது என்பது நமது கருத்து. நிரலைத் திரும்ப எழுதலாம். ஆனால் ஒரு சங்கத்தின் கடன் பதிவுகளும், ஒரு கிராமத்தின் பிறப்பு இறப்புக் குறிப்புகளும், ஒரு நூலகத்தின் பட்டியலும் மக்களுடைய உழைப்பின் திரட்சி; இழந்தால் மீளாதவை. அவற்றைப் பூட்டும் சாவி எங்கோ உள்ள ஒரு கம்பனியின் கையில் இருக்குமாயின், அக்கம்பனி தன் வழியை மாற்றும் நாளில் உரியவர்கள் தமது பதிவேட்டுக்கே அந்நியராவர். தரவை அணுகும் முறையைத் தெரிவோர், அத்தரவு யாருடையது என்னும் வினாவுக்கும் தம்மை அறியாமலே விடையளிக்கின்றனர். அவ்விடையை அறிந்தே அளித்தல் நன்று.