பழுப்பு என்னும் சொல்லும் கறுத்த இரும்பும்

எண்ணெய் என்பது எள்ளின் நெய். ஆயினும் தேங்காயிலிருந்து பிழிந்ததையும் நாம் எண்ணெய் என்றே வழங்குகிறோம். பொருள் விரிந்த பின்னும் பழஞ்சொல் நிலைத்துநிற்பதற்கு மாணவர்க்கு நாம் காட்டும் முதற்சான்று அது. அதற்கு இணையான சான்றொன்று, மொழியியலார் தேடிச் செல்லாத ஓரிடத்தில், பழைய படைத்துப்பாக்கியின் இரும்பின்மேல் இருக்கிறது. (துப்பாக்கி என்னும் சொல்லே துருக்கிய மூலத்தது, அக்கதை வேறொரு பொழிவுக்குரியது.)

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரித்தானியக் காலாட்படையின் துப்பாக்கிக் குழல்கள் பெரும்பாலும் வெள்ளி போல் பளபளத்தன. வீரர்கள் செங்கல் தூள் கொண்டு அவற்றைத் தேய்த்தனர். துரு நீங்கியது, இரும்பும் உடன் தேய்ந்தது. இதற்கு மாற்றாகப் பரவியதே 'பிரவுனிங்' எனப்படும் பழுப்பேற்றல். குழலின் பிசுக்கை முற்றும் நீக்கி, அமிலமும் உலோக உப்புகளும் கலந்த நீர்மத்தைப் பூசி, வேண்டுமென்றே துருப்பிடிக்க விடுவர். தளர்ந்த துருவைத் தூரிகையால் துலக்கி மீண்டும் பூசுவர். பன்முறை இவ்வாறு செய்தபின் எஞ்சும் மெல்லிய பழுப்புப் படலம், எண்ணெய் தடவப்பெற்று, மேலும் துரு ஏறாமல் காக்கும். முள்ளை முள்ளால் எடுப்பது போன்றதே இது. 1800இல் படையில் ஏற்கப்பட்ட பேக்கர் ரைபிளின் குழல் இவ்வாறு பழுப்பேற்றப்பட்டது. வெயிலில் மின்னி வீரனைக் காட்டிக்கொடுக்காமை அதன் மற்றொரு பயன்.

'பிரவுன் பெஸ்' என்று அக்காலத் துப்பாக்கிக்குப் பெயர் வந்தது இந்நிறத்தால்தான் என்பாருளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. குரோஸ் 1785இல் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியிலேயே அப்பெயர் காணப்படுகிறது. பழுப்பேற்றல் படை முழுவதும் பரவியது அதற்குப் பின்னரே.

துருவேறிய குழலைக் கொதிநீரில் இட்டால் செந்துரு கரிய ஆக்சைடாக மாறும். இம்முறை வந்ததும் குழலின் நிறம் கருநீலமாயிற்று. பிறர் அதனைப் 'புளூயிங்', அதாவது நீலமேற்றல் என்றனர். பிரித்தானியப் படையின் ஆயுதப் பணியாளரோ லீ-என்ஃபீல்டு ரைபிளின் காலத்திலும் 'பிரவுனிங்' என்னும் சொல்லை விடவில்லை. கண்முன் கறுத்துக் கிடந்த இரும்பைப் பழுப்பு என்றே வழங்கினர். எள் இல்லாத எண்ணெய் நமக்கு இருப்பதுபோல் அவர்களுக்குப் பழுப்பு இல்லாத பழுப்பு இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் அவசரம் மிகுந்தது. பாஸ்பேட் கரைசலில் தோய்த்துப் பெறும் மங்கிய சாம்பல் பூச்சும், சூளையில் சுட்டு இறுக்கிய கறுப்பு வண்ணமும் இடம்பெற்றன. போருக்குப்பின் நான்காம் எண் லீ-என்ஃபீல்டுகள் பல, தொழிற்சாலைகளில் முற்றாகப் பழுதுபார்க்கப்பட்டுப் புதுப்பூச்சுப் பெற்றன. அவ்வினத்தின் குறுகிய வடிவமான ஐந்தாம் எண் ரைபிளை, 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் நம் காடுகளும் கண்டன.

சில ஆண்டுகளுக்கு முன், காட்சிக்கூடம் ஒன்றில் நான்காம் எண் ரைபிள் ஒன்றைக் கண்டோம். கண்ணாடிபோல் மெருகிட்டு ஆழ்ந்த நீலம் ஏற்றியிருந்தனர். 'தொடக்க நிலைக்கு மீட்கப்பட்டது' என்றது குறிப்பட்டை. போர்க்காலத்தில் அத்தகைய மெருகு அதற்கு இருந்ததில்லை. மெருகுச் சக்கரம் விளிம்புகளை மழுக்கியிருந்தது. ஆண்டைக் குறித்த இலக்கங்களுள் இரண்டு தடவிப் பார்த்தால்தான் புலப்பட்டன. ஏட்டில் புரியாத பாடத்தைத் தாமே 'திருத்தி', மூலத்தை அழித்த படியெடுப்போரை நாம் அறிவோம். உ.வே.சா. பாடபேதங்களை அடிக்குறிப்பில் காத்துவைத்ததன் அருமை அவர்களால்தான் நமக்குத் தெரிகிறது.

புதுப்பிக்கவே கூடாது என்பதன்று நம் கருத்து. துரு இரும்பைத் தின்றுகொண்டிருந்தால் அதை நிறுத்தத்தான் வேண்டும். பல வேளைகளில் எண்ணெயும் மென்துணியும் பொறுமையுமே போதும். அதற்கு மேல் தேவையெனில், அத்தொழிற்சாலை கையாண்ட பூச்சையே இடலாம். முத்திரைகளின் மேல் அரத்தையோ சக்கரத்தையோ ஓட்டலாகாது. போருக்குப்பின் புதுப்பித்த தொழிற்சாலைகள் தாம் திருத்தியதை மறைக்கவில்லை. முற்றான பழுதுபார்ப்பைக் குறிக்கும் எஃப், டி, ஆர் என்னும் மூன்றெழுத்தை, பல ரைபிள்களில் ஆண்டோடு சேர்த்து, உடற்பகுதியின் இடப்பக்கத்தில் பொறித்தன.

நாம் கண்ட ரைபிளின் இடப்பக்கத்தையும் பார்த்தோம். அங்கு ஏதேனும் பொறித்திருந்தால், சக்கரம் அதையும் கொண்டுபோயிருந்தது. மெருகிடுமுன் அதன்மேல் என்ன பூச்சு இருந்தது என்று பொறுப்பாளரைக் கேட்டோம். எவரும் குறித்துவைக்கவில்லை என்றார்.