தூளின் சாட்சியம்

சுங்க அதிகாரியின் கையில் அகப்படும் ஒரு சிட்டிகை வெண்டூள் சீனியோ, மருந்தோ, போதைப்பொருளோ என்பதைக் கண் அறியாது. அதன் இயல்பை எல்லைச்சாவடியிலேயே அறிய மனிதன் செய்த முயற்சி ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறுடையது.

1896ஆம் ஆண்டில், இன்று எஸ்தோனியாவிலுள்ள தார்த்து நகரின் பல்கலைக்கழகத்தில், எட்வார்ட் மார்க்கிஸ் என்பார் செறிந்த சல்பூரிக்கமிலத்துடன் போமலினைச் சேர்த்து ஒரு சோதனைத் திரவம் ஆக்கினார். மோர்பீனோ ஹெரோயினோ அதிற்பட்டால் ஊதா நிறந் தோன்றும். கொக்கெயினுக்கோ கோபாற்று உப்பொன்று நீல நிறங் காட்டிற்று. சிறு குப்பியில் அடங்கும் இச்சோதனைகள் ஆய்வுகூடத்தை விட்டுத் துறைமுகங்களுக்கும் வீதிகளுக்கும் சென்றன. ஆயினும் நிறம் ஒரு பொருளுக்கே உரிய முத்திரையன்று. பல் வைத்தியர் நோவகற்றப் பயன்படுத்தும் லிடோக்கெயினும் அவ்வுப்பை நீலமாக்க வல்லது.

இதனினும் நுட்பமான வழி ஒளியினாற் பிறந்தது. 1928ஆம் ஆண்டிற் கல்கத்தாவில், திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன், கே. எஸ். கிருஷ்ணனுடன் ஆராய்ந்து, பொருளிற்பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறுவதைக் கண்டார். அம்மாற்றம் மூலக்கூற்றின் அமைப்பைப் பொறுத்தது. ஆனால் அவ்வொளி மிக மங்கியது. ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கே. 1960இல் லேசர் தோன்றியபின்னரே அதனை எளிதில் அளத்தல் கைகூடிற்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கருவி கையிலேந்தும் அளவிற்குச் சுருங்கி, கண்ணாடிப் புட்டியையோ பிளாஸ்திக்குப் பையையோ திறவாமலே உள்ளிருப்பதை ஆராயலாயிற்று. பெந்தனில் போன்ற கொடிய பொருளைக் கையாளும் அதிகாரிக்கு இது பெருங் காவலாகும். எனினும், கலவையில் போதைப்பொருள் மிகச் சிறிதாயின் கருவி அதனைத் தவறவிடலாம்; சில பொருள்கள் தாமே ஒளிர்ந்து அதன் பார்வையை மறைப்பதுமுண்டு.

கருவியின் கூற்றையே தீர்ப்பாகக் கொள்வதன் கேட்டினை அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகர் கண்டது. அங்கு வீதியில் நடத்தப்பட்ட நிறச்சோதனையின் பேரிற் கைதான பலர், ஆய்வுகூட முடிவு வருமுன்னரே குற்றத்தை ஒப்புக்கொண்டனர். பின்னர் அத்தூள்களிற் போதைப்பொருளே இல்லையெனத் தெரியவர, 2014ஆம் ஆண்டையடுத்து அத்தீர்ப்புகள் பல நீக்கப்பட்டன. அதற்கிடையே அவர்கள் சிறையிற் கழித்த நாள்களை மீட்டளிக்க எவராலும் இயலவில்லை.

கைக்கருவி ஐயத்தை எழுப்பும். அவ்வையத்தை உறுதி செய்வது ஆய்வுகூடத்தின் கடமை. அதன் முடிவு வருமளவும் பொறுத்திருத்தல் நீதியின் கடமையாகும்.