புலியந்தீவில் எட்டு மாதம்

மட்டக்களப்பு நகரின் நடுவே புலியந்தீவு இருக்கின்றது. இன்று அதனைத் தீவென்று எண்ணிப் பார்ப்போர் அரியர். பாலத்தின் மேல் வண்டிகள் ஓடுகின்றன. வாவியைக் கடக்கிறோம் என்ற நினைவு எழுமுன்னரே கரை வந்துவிடுகின்றது. கல்லடியில் வாவியின் மேல் அமைந்த இரும்புப் பாலமே 1924 ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. ஆளுநர் மானிங்கின் துணைவியார் பெயரை அதற்கு இட்டனர். அதற்கு நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன்னர் புலியந்தீவுக்குச் செல்லத் தோணியன்றி வேறு வழியில்லை.

அக்காலத்தில் அத்தீவுக்கு ஓர் ஆங்கிலேயர் வந்து சேர்ந்தார். வில்லியம் ஓல்ட் என்பது அவர் பெயர். புறப்படும்போது அவர்கள் இருவர். வந்து சேர்ந்தவர் ஒருவர்.

அப்பயணம் நெடுநாள் திட்டமிட்ட பயணமன்று. 1813 ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் நகரிலே மெதடிஸ்த திருச்சபையாரின் மாநாடு கூடியது. ஜோன் வெஸ்லியின் உடனுழைப்பாளராய் இருந்த தோமஸ் கோக் என்னும் முதியவர், கீழைத் தேசங்களுக்குத் தொண்டர்களை அனுப்ப வேண்டும் என்று அங்கு மன்றாடினார். அறுபத்தாறு வயதை எட்டிக்கொண்டிருந்த அவர் அத்திலாந்திக் கடலைப் பதினெட்டு முறை கடந்தவர். செலவுக்கு அஞ்சிச் சபையார் தயங்கவே, கண்ணீரோடு தம் இருப்பிடம் திரும்பினார் என்பர். பின்னர், வேண்டுமாயின் ஆறாயிரம் பவுண் வரையில் தம் சொந்தப் பணத்தைத் தருவதாக அவர் கூறிய பிறகே சபை இணங்கியது. கோடையில் எழுந்த பேச்சு. அவ்வாண்டு திசம்பர் முடிவதற்குள் கப்பல்கள் பாய்விரித்துவிட்டன. ஓல்ட்டும் அவர் மனைவியும் அப்படிப் புறப்பட்ட சிறு கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஐந்தே மாதத்தில் ஒரு குடும்பம் தன் ஊரையும் உறவையும் விட்டு, படத்தில் மட்டுமே கண்டிருக்கக்கூடிய ஒரு தீவை நோக்கிப் பெயர்ந்தது. இந்நாளில் வேற்றூருக்கு மாற்றம் கிடைத்தாலே நாம் ஆறு மாதம் முணுமுணுக்கிறோம்!

கடல் அவர்களிடம் இரக்கங் காட்டவில்லை. 1814 பெப்ரவரியில் ஓல்ட்டின் மனைவி கப்பலிலேயே நோயால் இறந்தார். நிலம் காணாத நடுக்கடலில் இறந்தோருக்கு நீரே கல்லறை. மே மாதம் 3 ஆந் தேதி காலை, மற்றொரு கப்பலில் வந்த தோமஸ் கோக் தம் அறையில் உயிரற்றுக் கிடக்கக் காணப்பட்டார். பணம், அறிமுகக் கடிதம், பட்டறிவு எல்லாம் அவர் ஒருவரிடமே இருந்தன. எஞ்சியவர்கள் பம்பாயில் இறங்கியபோது, அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்றறியாது திகைத்தார்கள். அங்கிருந்த வணிகர் ஒருவர் கடனுதவி செய்திராவிடில் இக்கதை பம்பாய்த் துறையிலேயே முடிந்திருக்கும்.

1814 சூன் இறுதியில் அவர்கள் காலித் துறையை அடைந்தார்கள். காலியின் படைத்தலைவராய் இருந்த மோல்ஸ்வேத் பிரபு அவர்களை அன்புடன் ஏற்றார். (மறு ஆண்டு அவரும் அவர் மனைவியும் தாயகம் திரும்புகையில், 'ஆர்னிஸ்தன்' என்னும் கப்பல் தென்னாபிரிக்கக் கரையில் உடைந்து இறந்தனர். அந்நாளில் கடற்பயணம் அத்தகையது.) ஆளுநர் பிரவுன்ரிக் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார், வந்தவர்களுக்கு மாதந்தோறும் ஒரு தொகை இறைசால் கொடுக்கவும் இசைந்தார். சமயத் தொண்டின் பின்னே அரசின் கையும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கை இல்லாதிருந்தால் அவர்களுக்குச் சோறும் இல்லை.

அடுத்த மாதம் தம்முள் கலந்து ஊர்களைப் பிரித்துக்கொண்டார்கள். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கு, எர்ஸ்கின் மாத்தறைக்கு, கிளவ் காலியில் தங்க, ஓல்ட் மட்டக்களப்புக்கு. இருவர் சென்ற ஊர் ஒன்றே, ஏனையோர் தனியர். ஆயினும் காலியும் மாத்தறையும் ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளன. மனைவியை இழந்து ஆறு மாதமும் நிறையாத ஓல்ட்டே யாவரிலும் தொலைவான, துணையற்ற இடத்துக்குச் சென்றார். காலியிலிருந்து கரையோரமாய்த் தோணியிற் சென்ற அப்பயணம் எதிர்பார்த்ததைவிட நீண்டுபோயிற்று. ஆகத்து மாதத்தில் புலியந்தீவில் இறங்கினார்.

அவர் கண்ட மட்டக்களப்பு எத்தகையது? தீவின் ஒரு மூலையில் போர்த்துக்கீசர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்திய கோட்டை. அது 1638 இல் ஒல்லாந்தரிடமும், 1795 இல் ஆங்கிலேயரிடமும் கைமாறியது. கோட்டைக்குள் சிறு படையும், அதனைச் சூழ்ந்து சில பறங்கியர் குடும்பங்களும் இருந்தன. கிழக்கே எழுவான்கரையில் கடற்றொழிலும் தென்னையும், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் போடிமாரின் வயல்கள், அப்பால் காடு. கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கு. காத்தான்குடியில் தொழுகைக்கான அழைப்பு. மக்கள் பேச்சு எங்கும் தமிழ். அதில் ஓரெழுத்தும் அறியாமலே ஓல்ட் வந்திறங்கினார்.

முதலில் படைவீரருக்கும் பறங்கியருக்கும் ஆங்கிலத்தில் போதித்தார். பின் தமிழ் கற்கத் தொடங்கினார். பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளி வைத்தார். எட்டு மாதத்தில் எட்டுப் பள்ளிகள் என்று மெதடிஸ்தர் வரலாறு கூறும். பள்ளி என்றவுடன் மாடிக் கட்டடத்தை நினைத்தல் கூடாது. கிடுகுக் கொட்டகை, மணலில் விரலால் எழுதும் எழுத்து, ஓலையும் எழுத்தாணியும், ஒரு சட்டாம்பியார். அக்காலத்துப் பள்ளி பெரும்பாலும் அவ்வளவே. அவர் புதிதாகக் கொணர்ந்தது ஆங்கிலமும் அச்சுப் புத்தகமுந்தான். எழுத்தும் எண்ணும் திண்ணைப் பள்ளிகளில் முன்னரே இருந்தன. இம்மண்ணுக்குக் கல்வியே அவரால் வந்தது என்று சிலர் எழுதுவது மிகை. அந்த எட்டு மாதத்து உழைப்புக்கு அம்மிகை வேண்டியதுமில்லை.

கச்சான் ஓய்ந்து வாடைக்காற்று எழுந்தது. மாரி மழையில் வாவி பெருகியது. மழையோடு காய்ச்சலும் வந்தது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை உலகம் அறிய அந்த நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. காய்ச்சலுக்குக் காரணம் கெட்ட காற்று என்றே ஐரோப்பியர் நம்பினர். ஓல்ட் நோயுற்றார், தேறி எழுந்து பள்ளிகளுக்குச் சென்றார், மீண்டும் படுத்தார்.

மலைநாட்டில் அப்பொழுது ஓர் அரசு சாய்ந்துகொண்டிருந்தது. 1815 பெப்ரவரி 18 இல் கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் பிடிபட்டான்; மார்ச் 2 இல் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று; மறு ஆண்டு மன்னனும் குடும்பத்தாரும் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டனர். அவர்கள் விரும்பிச் செல்லவில்லை, மீளவுமில்லை. உடன்படிக்கைக்கு முப்பது நாளின் பின், ஏப்ரில் முதலாந் தேதி, ஓல்ட் மட்டக்களப்பில் உயிர்நீத்தார். படுக்கையருகே உறவினர் எவருமில்லை. காலியிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த தோழருக்குச் செய்தி தோணியிலோ தபாற்காரன் கால்நடையிலோதான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அவர் வைத்த பள்ளிகளுட் பல அவருக்குப்பின் ஆதரிப்பாரின்றித் தளர்ந்தன. ஒன்று நிலைத்தது, அதுவே மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி. பின்வந்த தொண்டர்கள் தெற்கே கல்முனையிலும் பள்ளி நடத்தினர். காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனன் என்னும் சிறுவன் அங்கே பயின்றான். பின்னாளில் அவர் சுவாமி விபுலாநந்தர் ஆனார். யாழ் என்னும் இசைக்கருவியை ஆராய்ந்து நூலெழுதியவர், தமிழ்ப் பேராசிரியர், இராமகிருஷ்ண துறவி; ஓல்ட்டின் சமயத்தைச் சேர்ந்தவரல்லர். தாம் வைத்த பள்ளி மரபு இப்படியொரு கிளை விடும் என்று ஓல்ட் நினைத்திருக்க மாட்டார்.

2014 இல் மத்திய கல்லூரி இருநூறாண்டு நிறைவைக் கொண்டாடியது. தோணிகள் கரைசேர்ந்த பழைய துறையருகே ஓல்ட்டின் சிலை நிற்கின்றது. அவர் மனைவிக்குக் கல்லும் இல்லை, சிலையும் இல்லை.