கரி குடித்த வண்டிகள்

1912-ல் பஸ் தொழிலில் இறங்கிய டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மதுரைக் கம்பெனி, இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததும் கரிவாயுக் கருவி செய்தது. வண்டியோடு ஓர் அடுப்பு! மரக்கரி அரைகுறையாக எரிந்து எழும் வாயு எஞ்சினுக்குப் போகும். மேடு கண்டால் பஸ் மூச்சு வாங்கும். கரித்தூள் வடிகட்டியை அடைக்கும்; அடிக்கடி தட்டிக் கொட்டியாக வேண்டும். செலவு உடம்பு உழைப்போடு சரி.

என் நண்பர் ஒருவர் பழைய சொகுசு டீசல் கார் ஒன்றை மலிவாக வாங்கி, மாசி வீதிகளில் ஊர்ந்துகொண்டிருக்கிறார். அதன் புகைக்குழாயிலும் வடிகட்டி உண்டு. நெடுந்தூரம் ஓடி நன்றாகச் சூடேறினால்தான் அதில் படிந்த கரி எரிந்துபோகும். கடைவீதிக்கும் வீட்டுக்குமாக ஓட்டினால் அடைப்புத்தான். புது வடிகட்டியின் விலையைக் கேட்டு மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“வாரம் ஒருநாள் மேலூர் தாண்டி விரட்டிவிட்டு வாருமேன்” என்றேன்.

“டீசல் யார் போடுவது, ஐயா?” என்கிறார்!