உரிய நேரத்தில் ஓர் இழுப்பு

பக்கவாதம் வந்தவர்களுக்கு நடை பழக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். காலைத் தூக்கும்போது பாதத்தின் முன்பகுதி தொங்கித் தரையில் உரசும். அதைத் தவிர்க்க இடுப்பை உயர்த்தி, காலை அரைவட்டமாகச் சுழற்றி வைப்பார்கள். அப்போது எலாஸ்டிக் பட்டையால் பாதத்தை லேசாக மேலே இழுத்துக் கொடுப்பேன். கணம் தப்பினால் அந்த இழுப்பால் பயனில்லை. இயந்திரங்கள் இந்தச் சிறு வேலைக்கு வந்து சேர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

1890இல் ரஷ்யாவைச் சேர்ந்த நிக்கோலஸ் யாக்ன், நடக்கவும் ஓடவும் தாவவும் உதவும் கருவி ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ‘ஹார்டிமன்’ என்ற, உடல்மேல் அணியும் இயந்திரக் கூட்டைச் செய்தது. எடை சுமார் 680 கிலோ. முழுதாக இயக்கியபோது கட்டுக்கடங்காமல் உதறியது. உருப்படியாக வேலை செய்தது ஒரு கை மட்டுமே. பாரம் தூக்கத்தான் அதைச் செய்தார்கள்.

நடக்க முடியாதவரை மனத்தில் வைத்து உழைத்தவர்கள் பெல்கிரேடில் இருந்தார்கள். மிகாய்லோ பூபின் நிறுவனத்தில் மியோமிர் வுகொப்ராதோவிச்சின் குழு, 1960களின் இறுதியிலிருந்து காற்றழுத்தத்தில் இயங்கும் கால்கூடுகளை உருவாக்கியது. கால் செயலிழந்தவர்களை எழுப்பி நடக்கவைத்த அந்தக் குழுவை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் அடிவைப்பு முன்பே வகுக்கப்பட்டது. கூடு நடந்தது, மனிதர் உடன் போனார். 2000ஆம் ஆண்டையொட்டி சூரிச்சில் உருவான ‘லோகோமாட்’, டிரெட்மில்லின் மேல் நோயாளியைத் தொங்கவிட்டுக் கால்களை இயக்கியது. குனிந்து கால்களைத் தூக்கித் தூக்கி வைத்த தெரபிஸ்டுகளின் முதுகுக்கு அது பெரிய ஆறுதல்.

அடுத்த திருப்பம் ஹார்வர்டில். கானர் வால்ஷின் குழு, சுமையோடு நடக்கும் போர்வீரர்களுக்காக அமெரிக்க ராணுவ ஆய்வு நிதியில் துணியுடுப்பு ஒன்றை உருவாக்கி, பிறகு பக்கவாத நோயாளிகளிடம் கொண்டுவந்தது. இடுப்பில் மோட்டார், கெண்டைக்காலில் துணிப்பட்டை, நடுவே பௌடன் கேபிள்: எர்னஸ்ட் பௌடன் 1896இல் காப்புரிமை பெற்ற, சைக்கிள் பிரேக்கில் நாம் பார்க்கும் அதே வகை. ஒரு கேபிள் முன்னால் விரல்பக்கத்தைத் தூக்கும். மற்றது பின்னால் குதிகாலை இழுத்து, தரையை உந்த உதவும். எது எப்போது இழுக்க வேண்டும் என்பதை ஷூவிலுள்ள சென்சார்கள் சொல்லும். 2017இல் வெளியான ஆய்வில் 9 நோயாளிகள் அதை அணிந்து நடந்தபோது, நடைக்குச் செலவான சக்தி சுமார் 10 சதவீதம் குறைந்தது. 2019இல் ரீவாக் நிறுவனம் ‘ரீஸ்டோர்’ என்ற பெயரில் அதை விற்க அமெரிக்க அனுமதி பெற்றது.

துணிக்கு எலும்பில்லை, காலூன்ற முடியாதவரை அது தாங்காது. அவருக்குக் கெட்டிக் கூடுதான் வேண்டும். கொஞ்சமாவது தெம்பு மிஞ்சிய காலைக் கூட்டில் கட்டி இயக்கினால், அந்தத் தெம்புக்கு வேலை இல்லாமல் போகும். துணியுடுப்பில் நோயாளி தானே நடக்கிறார். அவர் தேறத் தேற, இழுப்பைக் குறைத்துக்கொண்டே போகலாம். உதவியைப் படிப்படியாக விலக்குவதுதான் நடை பழக்கும் வேலை. அதற்கு இடம் தருவதால் இந்த உடுப்பை மதிக்கிறேன்.